எழுத்துக்குச் சொந்த மனை வேண்டும்

சாத்தூரை அடுத்த அச்சங்குளம் என்னும் சிற்றூரின் பெயர் 2021ஆம் ஆண்டு பிப்பிரவரி 12ஆம் நாள் நாடெங்கும் ஒலித்தது. அவ்வூர்ப் பட்டாசு ஆலையில் நேர்ந்த வெடிப்பில் பத்தொன்பதுக்கும் மேற்பட்ட உழைப்பாளிகள் மாண்டனர். செய்தித்தாள்கள் எழுதின, தொலைக்காட்சிகள் காட்டின, ஆட்சியாளர் இழப்பீடு அறிவித்தனர். சின்னாட்களில் ஊரும் மறக்கப்பட்டது, மாண்டாரும் மறக்கப்பட்டனர். அவ்வூரைப் பற்றி எழுதியோர் அனைவரும் அயலூரார். எழுதிய தாளும் அயலாருடையது. அவர்தம் ஆர்வம் தீர்ந்த அன்றே அச்சங்குளத்தின் கதையும் தீர்ந்தது.

அவ்வூரிலோ அதன் பக்கத்து ஊர்களிலோ பிறந்த இளைஞன் ஒருவன், மருந்து செலுத்தும் அறையின் அச்சத்தையும், நாள் முழுதும் குந்தியிருந்து தாள் சுருட்டும் பெண்டிரின் இடுப்பு நோவையும், தன் தாய்மொழியில் தானே எழுத முற்படுகிறான் என்று கொள்வோம். என்ன எழுதுவது என்பதில் அவனுக்கு ஐயமில்லை. எங்கே எழுதுவது, எழுதியதைப் பிறர் அறியச் செய்வது எங்ஙனம் என்பனவே அவனை மருட்டும் வினாக்கள்.

முதற்கண் அவனைத் தடுப்பது நாணம். தன் நூலைத் தானே எடுத்துரைப்பது தற்புகழ்ச்சி ஆகாதோ என்று தமிழ்ப்பண்பு அறிந்தவன் தயங்குவான். நன்னூல் யாத்த பவணந்தியார் தற்புகழ்ச்சியைத் தகாதென்றே விலக்கினார். ஆயினும் நான்கு இடங்களில் அதற்கு இசைவும் தந்தார். அரசவைக்கு ஓலை வரையும்போதும், தன் ஆற்றலை உணராதாரிடத்தும், அவையில் வாதிட்டு வெல்லும் பொழுதும், மாற்றான் தன்னைப் பழிக்கும் பொழுதும் ஒருவன் தன்னை எடுத்துக் கூறலாம் என்பது அவர் கருத்து. தமிழில் எழுதுவோனின் ஆற்றலை உணராதார் நாடெங்கும் நிறைந்துள்ள இக்காலத்தில், தன் எழுத்தைத் தானே அறிவிப்பது அவ்விசைவுக்கு உட்பட்டதே. பொய்யும் மிகையும் புகாதவரை அதில் இழுக்கேதும் இல்லை.

அடுத்தது இடம். சிவகாசியைச் சுற்றி வாழ்வோர்க்கு அச்சகம் புதிதன்று. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் ஒட்டுத்தாள் அடிக்கத் தொடங்கிய அவ்வூர், நாட்காட்டியும் குறிப்பேடும் நாட்டுக்கே அச்சிட்டு விடுக்கும் ஊராக வளர்ந்தது. ஆனால், அச்சகம் அருகில் இருப்பதனாலேயே ஊரான் எழுத்து அச்சேறிவிடுவதில்லை. வெடித்துச் சிதறிய பட்டாசுத் தாளில் யாரோ எழுதிய வரி அரைகுறையாய்த் தெரிவதைக் காணாத தமிழர் இலர். காப்பாரற்ற எழுத்தின் முடிவு அதுவே.

எட்டயபுரத்திற் பிறந்த பாரதியார் இத்துயரை நன்கறிந்தவர். 1920ஆம் ஆண்டில் தம் ஆக்கங்களை 40 நூல்களாகவும், ஒவ்வொரு நூலையும் 10,000 படிகளாகவும் வெளியிடத் திட்டமிட்டு, அன்பர்களிடம் பொருள் கடனாக வேண்டிச் சுற்றோலை விடுத்தார். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போலத் தம் நூல்கள் வீடுதோறும் பரவும் என்று நம்பினார். பொருள் வந்து சேரவில்லை. அடுத்த ஆண்டே அவர் மறைந்தார். பின்னர் அவர் ஆக்கங்களின் உரிமை பிறர் கைகளுக்குச் சென்றது. 1949இல் அரசு அதனை ஏற்று நாட்டுடைமையாக்கும் வரை அந்நிலை நீங்கவில்லை. பாட்டுக்குரியவன் வறுமையில் மாள, பாட்டு பிறர் உடைமையானது. எழுத்தாளன் தனக்கென ஓர் இடத்தை நிலைநிறுத்திக் கொள்ள இயலாமையின் விளைவு இது.

இதற்கு மாறான வழியில் நடந்து காட்டியோரும் உண்டு. மறைமலையடிகள் 1902இல் ஞானசாகரம் என்னும் இதழைத் தொடங்கிப் பிற்காலத்தில் அதனை அறிவுக்கடல் ஆக்கினார்; பல்லாவரத்தில் சொந்த அச்சகம் நிறுவித் தம் நூல்களை வெளியிட்டார். அஞ்சல்துறையில் பணியாற்றிய பெருஞ்சித்திரனார் 1959இல் தென்மொழியைத் தோற்றுவித்தார். விருதுநகர்க் கல்லூரியில் தமிழ் கற்பித்த இலக்குவனார், 1952 தேர்தலில் காமராசரை எதிர்த்து நின்ற கோ.து. நாயுடுவை ஆதரித்தமையால் வேலை இழந்தார். எனினும் எழுதுகோலைக் கீழே வைத்தாரல்லர். 1964இல் குறள்நெறியை நடத்தினார். பிறர் தந்த பதவி பறிபோகும். தன் இதழில் எழுதிய சொல் பறிபோகாது என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

இற்றை நாளில் இதழ் நடத்தப் பெரும்பொருள் வேண்டா. இணையவெளியில் அயல்நாட்டு நிறுவனங்கள் இலவயமாகவே இடம் தருகின்றன. நொடியில் எழுதலாம், உலகெங்கும் வாழும் தமிழர் படிக்கலாம். இவ்வாய்ப்பை வேண்டாவென ஒதுக்குவது பேதைமை. ஆனால் இலவயமாய்க் கிடைத்த திண்ணையைச் சொந்த வீடென்று நம்புவது அதனினும் பெரும் பேதைமை. சியோசிட்டீசு என்னும் தளத்தை அதன் உரிமையாளரான யாகூ நிறுவனம் 2009இல் மூடிற்று. கூகுள் நிறுவனம் தன் கூகுள் பிளசை 2019இல் மூடிற்று. படியெடுத்து வைக்காதோர் எழுத்துகள் ஒரே நாளில் இல்லாதொழிந்தன. திண்ணை தந்தவன் கதவடைத்தால் கேட்பார் எவர்?

ஆகவே இடம் தேர்வோன் சிலவற்றைத் தெளிய வேண்டும். தன் எழுத்தின் உரிமை தன்னிடமே நிற்குமா? எழுதிய அனைத்தையும் ஒருங்கே எடுத்துக்கொண்டு வேறிடம் பெயர முடியுமா? தளம் மாறினும் மாறாத சொந்த முகவரி உண்டா? தன் கட்டுரையின் நடுவே எவ்விளம்பரம் நுழையும் என்பதைத் தீர்மானிப்பவர் யார்? எழுத்து ஒருங்குகுறியில் அமைந்துள்ளதா? இவ்விறுதி வினாவைச் சிறிதென எண்ணலாகாது. முன்னாளில் ஒவ்வோர் இதழும் தனக்கென ஒரு குறியீட்டு எழுத்துரு வைத்திருந்தமையால், அன்று உள்ளிட்ட தமிழ்க் கோப்புகள் பல இன்று படிக்கவொண்ணாக் கிறுக்கல்களாய்க் கிடக்கின்றன.

யாவற்றினும் மேலாகப் படிகள் பெருக வேண்டும். ஓலைச்சுவடி செல்லுக்கும் தீக்கும் இரையாகியும் சங்கப் பாட்டுகள் எஞ்சியமை, மீண்டும் மீண்டும் படியெடுத்தோரால் அன்றோ? 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் அம்மரபையே மின்வெளியில் தொடர்ந்தது. எவரும் படியெடுத்துக் கொள்ளுமாறு பழந்தமிழ் நூல்களை வழங்கிற்று.

சந்தையில் சரக்கை விற்கலாம். களஞ்சியத்தைச் சந்தையில் கட்டலாகாது. கூட்டமுள்ள இடமெல்லாம் சென்று தமிழ் எழுத்தாளன் தன் நூலை அறிவிக்கட்டும். ஆனால் அவன் எழுத்தின் மூலம் அவனுக்குரிய மனையில் இருக்கட்டும். ஒரு படி தாளிலும் இருக்கட்டும். தமிழன்பர்களும் அவனைத் தனியே விடுதல் கூடாது. கலப்பில்லாத் தமிழில் எழுதுவோனுக்கு ஓராண்டுக் கட்டணம் செலுத்துவதும், அவன் நூலில் ஒரு படி வாங்குவதும் பெருங்கொடை அல்ல, கடமை.

அச்சங்குளத்தின் கதையை அச்சங்குளத்தானே எழுதும் நாள் வரவேண்டும். வெடியோசை அடங்கிய பின்னும் அவன் எழுத்து அடங்காதிருக்க வேண்டுமாயின், அது நிற்க ஒரு பிடி மண் அவனுக்கே சொந்தமாக வேண்டும்!