கடலடியில் ஒரு கணக்கு

டால்டன் 1801-இல் கண்ட பகுதி அழுத்த விதியை நாம் தேர்வுக்காக மனப்பாடம் செய்கிறோம். கடியப்பட்டணத்திலும் குளச்சலிலும் மூச்சடக்கி முங்கிச் சிப்பி எடுப்போருக்கோ அது உயிர்க்கணக்கு.

10 மீட்டர் ஆழத்தில் மொத்த அழுத்தம் ஏறத்தாழ 2 வளிமண்டலம். நுரையீரலில் ஆக்சிஜனின் மோல் பின்னம் 0.05 ஆகக் குறைந்துவிட்டது எனக் கொள்வோம். அதன் பகுதி அழுத்தம் 0.10, நினைவு தெளிவாகவே இருக்கும். மேலே வரவர மொத்த அழுத்தம் 1 ஆகிறது, ஆக்சிஜனுடையது 0.05. மயக்கம் அங்கேதான் வருகிறது. முங்குமுன் வேகவேகமாக மூச்சிழுத்தாலோ, கரியமில வாயு குறைந்து, மூச்சு முட்டும் எச்சரிக்கையும் பிந்திவிடும்.

நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் பாதை செப்பனிடுகிறோம், நல்லதுதான். ஒரு மாலை இக்கணக்கைக் கடற்கரையில் சொன்னால் என்ன? தனியாக முங்காதீர்கள் என்றும் சேர்த்துச் சொல்லலாம். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். சிப்பிக்குப் போகும் என் சித்தப்பாவுக்கு இதைச் சொல்ல வேறு ஆள் இல்லை.