ஆண்டாளின் குயிலுக்கும் ஒரு டியூன் வேண்டும்

மார்கழி வந்தால் ஆமத்தூர் பக்கம் விடியற்காலையிலேயே ஸ்பீக்கரில் திருப்பாவை. கல்யாண வீடு என்றால் வாரணமாயிரம். இரண்டுமே ஆண்டாள் பாடியவை. சிவகாசி தாண்டிப் போனால் வருகிற ஸ்ரீவில்லிபுத்தூர்தான் அவர் ஊர். ஆனால் அதே ஆண்டாள் ஒரு குயிலைக் கூப்பிட்டுப் பாடிய பாட்டை யாராவது ராகம் போட்டுப் பாடி எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்? கை தூக்கச் சொன்னால் ரொம்பக் கம்மியாகத்தான் இருக்கும்.

நாச்சியார் திருமொழியில் மொத்தம் 143 பாசுரங்கள். அதில் ஐந்தாம் திருமொழி முழுக்கக் குயிலுக்குத்தான். வாரணமாயிரம் அதற்கு அடுத்த ஆறாம் திருமொழி. அதாவது பக்கத்து வீட்டுக்காரி ஊருக்கே பிரபலம், இவள் பெயர் தெருவுக்கே தெரியாது என்கிற நிலைமை :)

இத்தனைக்கும் விஷயம் சுவாரஸ்யமானது. தூக்கம் போய்விட்ட ஒரு பெண், தன் கண்ணன் வரும்படி கூவச் சொல்லிக் குயிலோடு பேரம் பேசுகிறாள். சோறும் பாலும் ஊட்டி வளர்த்த என் கிளியை உனக்குத் தோழியாக்குகிறேன் என்று ஆசை காட்டுகிறாள். கடைசியில் பொறுமை போய், இன்றைக்கு நீ கூவாவிட்டால் இந்தத் தோட்டத்தை விட்டே விரட்டிவிடுவேன் என்று மிரட்டுகிறாள். குயில் இங்கே அழகுக்காக வைத்த பொம்மை இல்லை, பாட்டைக் கேட்கிற ஆளே அதுதான்.

பிறகு ஏன் பரவவில்லை? திருப்பாவைக்கு டியூன் கிடைத்தது. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் முப்பது பாட்டுக்கும் மெட்டமைத்தார், எம்.எல்.வசந்தகுமாரி பாடி வீட்டுக்கு வீடு கொண்டுபோனார். ஆறாம் பாட்டில் பறவைகள் சிலம்புவதும், ஏழாம் பாட்டில் ஆனைச்சாத்தன் பேசுவதும் அப்படித்தான் எல்லோர் வாயிலும் நுழைந்தன. பிரபந்தம் சேவிப்பவர்கள் குயில் பதிகத்தையும் காப்பாற்றித்தான் வருகிறார்கள். ஆனால் கோயிலுக்கு வெளியே அதைக் கொண்டுபோக மெட்டு வேண்டும்.

"இது பக்திப் பாட்டு, பக்தர்கள் பாடட்டும்" என்று சிலர் சொல்லலாம். பறவையைத் தூது விடுவது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம். நம்மாழ்வார் நாரை, அன்னம், கிளி என்று வரிசையாகத் தூது விட்டார். பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் 14-ஆம் நூற்றாண்டுக் கவிஞர் தாஃபித் ஆப் குவிலிம் காதலிக்குக் கடற்பறவையைத் தூது அனுப்பினார். அங்கே இதே மாதிரி பறவைத் தூது நாட்டுப்பாடல் ஒன்றைச் சேர்ந்திசைக் குழுக்கள் இன்றும் பாடுகின்றன. பாடுகிறவர்கள் எல்லோருமா காதலில் இருக்கிறார்கள்?

"கர்நாடக சங்கீதம் எல்லோருக்கும் வராதே" என்பது அடுத்த சாக்கு. கும்மி மெட்டு போதும், கிளிக்கண்ணி மெட்டு போதும். குயிலே வழி காட்டும். உரக்கக் கூவுவது ஆண் குயில். ஒரே கூவலைத் திரும்பத் திரும்ப, ஒவ்வொரு தடவையும் சுருதி ஏற்றிக்கொண்டே போய், சட்டென்று நிறுத்திவிடும். ஆசை காட்டலில் தொடங்கி மிரட்டலில் முடிகிற பாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான மெட்டு எது?

விருதுநகர் மாவட்டத்துப் பள்ளி, கல்லூரி ஆண்டு விழாக்களில் குழுப்பாட்டுப் போட்டி நடக்கத்தான் செய்கிறது. சினிமாப் பாட்டோடு சேர்த்து இந்தப் பதிகத்துக்கும் ஒரு இடம் கொடுக்கலாம். செலவு ஒரு பைசா கிடையாது. பட்டாசுச் சத்தத்துக்குப் பெயர் வாங்கிய மாவட்டம், தன் குயிலுக்கும் கொஞ்சம் குரல் கொடுத்தால் என்ன?