வாக்காளரைத் தெரிவுசெய்த அரசு

"எங்களைப் போன்ற வறிய நாடுகளுக்கு ஜனநாயகம் சரிப்பட்டு வராது. எழுத வாசிக்கத் தெரியாதவன் கையில் வாக்குச்சீட்டைக் கொடுத்தால் நாடு இந்த நிலைக்குத்தான் வரும்."

அண்மையில் வலப்பனையில் ஒரு கலியாண வீட்டில், ஓய்வுபெற்ற அரச உத்தியோகத்தர் ஒருவர் இவ்வாறு கூறினார். சுற்றியிருந்தோர் தலையசைத்தனர். சாப்பாட்டுப் பந்தியில் வாதம் செய்வது நாகரிகமன்று என்பதால் நான் வாய் திறக்கவில்லை. அன்று விழுங்கிய பதிலை இங்கே எழுதுகிறேன்.

இந்நாட்டில் ஜனநாயகத்தின் மீது விழுந்த முதல் வெட்டு பாமரனின் கையால் விழவில்லை. படித்தவர்களும் சட்டம் அறிந்தவர்களும் நிறைந்த சபையில், முறைப்படி பிரேரிக்கப்பட்டு, முறைப்படி விவாதிக்கப்பட்டு, பெரும்பான்மை வாக்கினால் விழுந்தது. விழுந்த இடம் நமது மலையகம்.

1931ஆம் ஆண்டு டொனமூர் அரசியலமைப்பின் கீழ் இலங்கைக்குச் சர்வஜன வாக்குரிமை கிடைத்தது. ஆசியாவிலேயே முதலாவது என்று நமது பிள்ளைகள் இன்றும் பாடசாலையில் படிக்கிறார்கள். பெருமைக்குரிய செய்திதான். ஆயினும் தோட்டத் தொழிலாளருக்கு அந்த உரிமை தொடக்கத்திலிருந்தே நிபந்தனைகளுடன்தான் வந்தது. இந்நாட்டில் நிலையாக வாழ்பவர்கள் என்பதை அவர்கள் நிரூபிக்க வேண்டியிருந்தது. அப்படியிருந்தும் 1931இல் அட்டனிலிருந்து பெரி சுந்தரம் அரசாங்க சபைக்குச் சென்று தொழில், கைத்தொழில், வர்த்தக அமைச்சரானார். 1936இல் அதே தொகுதியிலிருந்து கோ. நடேசய்யர் சென்றார். 'தேசநேசன்', 'தேசபக்தன்' ஆகிய பத்திரிகைகளை நடத்திய அவர் எங்கள் தொழிலுக்கு மூத்தவர்.

பின்னர் வந்தது 1947 பொதுத் தேர்தல். தெரிவு செய்யப்படவேண்டிய 95 ஆசனங்களில் ஐக்கிய தேசியக் கட்சிக்குக் கிடைத்தவை 42. இலங்கை இந்தியன் காங்கிரஸ் 7 ஆசனங்களைப் பெற்றது. நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமானும், தலவாக்கலையில் சி.வி. வேலுப்பிள்ளையும் வென்றனர். எனது பாட்டனார் வாக்களித்த தேர்தல் அது. அவருக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் லயத்துக் கூரை ஒழுகுவதும், செக்ரோலில் பேர் விழாத நாளில் அடுப்பு எரியாததும் தெரியும். அவரைப் போன்றவர்கள் துரைமாரின் விருப்பத்துக்கு வாக்களிக்கவில்லை. தமக்காகப் பேசிய தொழிற்சங்கத்தாருக்கு வாக்களித்தார்கள். காங்கிரஸ் வேட்பாளர் இல்லாத வேறு சில தொகுதிகளில் இடதுசாரிகளுக்கு வாக்களித்தார்கள். வாக்கின் பயனை அறிந்து வாக்களித்ததே அவர்கள் செய்த குற்றம்.

தண்டனை விரைந்து வந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவ்வாண்டு நவம்பர் 15ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. இங்கே பிறந்தவனாயினும் அவனது தகப்பன் இங்கே பிறந்திருக்க வேண்டும். இல்லையேல் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும் என்றது அச்சட்டம். தோட்டத்து லயத்தில் பூட்டனின் பிறப்புப் பத்திரத்தை யார் பெட்டியில் பூட்டி வைத்திருப்பார்கள்? 1949இல் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் வந்தது. மணமானவர் 7 ஆண்டுகளும் மணமாகாதவர் 10 ஆண்டுகளும் இடையறாது இங்கு வாழ்ந்ததை நிரூபித்து, 2 ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பித்தவர்கள் 8 இலட்சத்துக்கும் மேல்; பிரஜாவுரிமை பெற்றவர்கள் சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம். அதே 1949இல் தேர்தல் சட்டமும் திருத்தப்பட்டது. பிரஜை அல்லாதவர் வாக்காளர் இடாப்பில் இருக்க முடியாது. 1952 தேர்தலில் காங்கிரஸுக்கு ஓர் ஆசனமும் இல்லை. எனது பாட்டனார் அதன் பிறகு சாகும்வரை வாக்களிக்கவில்லை.

இதைவிடக் கொடிய கணக்கு ஒன்றும் உண்டு. தொகுதிகளின் எண்ணிக்கை அன்று சனத்தொகையைக் கொண்டே தீர்மானிக்கப்பட்டது. அந்தச் சனத்தொகையில் வாக்கிழந்த தொழிலாளியும் ஒரு தலையாக எண்ணப்பட்டான். அவன் தலையைக் காட்டிக் கிடைத்த ஆசனத்துக்கு அவனைத் தவிர மற்றவர்கள் வாக்களித்தார்கள். அமெரிக்காவில் அடிமைகளை ஐந்தில் மூன்று பங்கு ஆட்களாக எண்ணித் தென் மாநிலங்கள் ஆசனம் பெற்ற கதையை நாம் ஏளனமாகப் பேசுகிறோம். இங்கே முழுத் தலையாகவே எண்ணினார்கள்!

பாக்கு நீரிணைக்கு அப்பால் அதே ஆண்டுகளில் என்ன நடந்தது? நம்மைவிட வறிய, நம்மைவிட எழுத்தறிவு குறைந்த இந்தியா, முதலாவது தேர்தல் ஆணையாளர் சுகுமார் சென்னின் பொறுப்பில் வாக்காளர் பட்டியலைத் தயாரித்துக்கொண்டிருந்தது. 1951–52 தேர்தலுக்குப் பதிவானவர்கள் 17 கோடிக்கும் மேற்பட்டோர். அவர்களுள் பெரும்பாலானோர் எழுத்தறியாதவர். அதற்காக எவருடைய பெயரையும் வெட்டவில்லை. அவர்களுக்காகச் சின்னங்களை அச்சிட்டார்கள். ஒரு நாடு பெயர்களைச் சேர்த்துக்கொண்டிருந்தபோது மற்றைய நாடு பெயர்களை வெட்டிக்கொண்டிருந்தது. வறுமையும் கல்வியின்மையும்தான் ஜனநாயகத்துக்கு எதிரி என்றால் இந்தியாவில் அது முதல் பத்தாண்டிலேயே செத்திருக்க வேண்டும். 1975–77 அவசரநிலைக் காலத்தில் அது மூச்சுத் திணறியது உண்மை. அந்த ஆட்சியை 1977இல் வீட்டுக்கு அனுப்பியதும் அதே எழுத்தறியாத வாக்காளர்தான்.

"யார் பிரஜை என்று தீர்மானிப்பது ஒவ்வொரு நாட்டினதும் உரிமை அல்லவா?" என்று கேட்பார்கள். இலண்டன் பிரிவி கவுன்சிலும் 1953இல் கொடக்கன்பிள்ளை வழக்கில் அந்தச் சட்டங்களைச் செல்லுபடியானவை என்றே தீர்த்தது. சட்டம் செல்லுபடியானதுதான், அதனால் நியாயமாகிவிடுமா? 1931 முதல் வாக்களித்துவந்த ஒரு மக்களை, அவர்கள் அளித்த வாக்கின் முடிவைப் பார்த்த பின்னர் அந்நியர் என்று அறிவிப்பது குடியுரிமைக் கொள்கை ஆகாது. மியன்மாரைப் பாருங்கள். 1982 குடியுரிமைச் சட்டம் ரோஹிங்கியா மக்களை வெளியே நிறுத்தியது. ஜனநாயகம் மலர்கிறது என்று உலகம் கொண்டாடிய 2015 தேர்தலில் அவர்களுக்கு வாக்கில்லை. 2021இல் இராணுவம் எல்லோருடைய வாக்கையும் பறித்தது.

இங்கும் அந்த வரிசை மாறவில்லை. 1970இல் தெரிவான பாராளுமன்றத்தின் காலம் 1975இல் முடிந்திருக்க வேண்டும். 1972 அரசியலமைப்பு அதை 1977 வரை நீட்டியது. 1977 யூலையில் எனது தந்தையார் தமது 42ஆம் வயதில் முதன்முறையாக வாக்களித்தார். சலவை வேட்டி உடுத்திக்கொண்டு அவர் புறப்பட்டது எனக்கு நினைவிருக்கிறது. அவர் வாக்களித்துத் தெரிவான பாராளுமன்றமோ, 1982 டிசம்பரில் விளக்கா, குடமா என்று ஒரு சர்வஜன வாக்கெடுப்பு நடத்தித் தன் ஆயுளை 1989 வரை நீட்டிக்கொண்டது. 2023 மார்ச்சில் நடந்திருக்க வேண்டிய உள்ளூராட்சித் தேர்தல் "பணமில்லை" என்ற காரணத்தால் நின்றது. அது அடிப்படை உரிமை மீறல் என்று 2024 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்த பின்னரே, 2025 மே மாதத்தில் நடந்தது. ஒன்றிலிருந்து மற்றொன்று நேராகப் பிறந்தது என்று நான் கூறவில்லை. ஆனால், ஆள்வோர் தமக்கு வசதியாக வாக்காளரையும் தேர்தலையும் மாற்றிக்கொள்ளலாம் என்ற பாடத்தை நாடு முதலில் படித்தது நம் முதுகில்தான். அன்று பார்த்துக்கொண்டிருந்தவர்களின் வாக்குச்சீட்டும் பின்னொரு நாள் தாமதமாகியது. இதை முன்கூட்டியே உணர்ந்து எதிர்த்தவர்கள் சிலரே. எஸ்.ஜே.வி. செல்வநாயகம் இதன் பொருட்டே தம் தலைவரை விட்டு விலகி 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்.

பறித்ததைத் திருப்பித் தர அரை நூற்றாண்டுக்கு மேல் சென்றது. 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டார்கள். மிஞ்சிய 1 இலட்சத்து 50 ஆயிரம் பேரை 1974இல் சரிபாதியாகப் பிரித்தார்கள். பங்கிடப்பட்டவர்களிடம் எவரும் கேட்கவில்லை. கடைசி நாடற்றவருக்கும் வழி திறந்த சட்டம் 2003இல்தான் வந்தது.

வாக்கு வந்தது, வாக்கின் பலன் வந்ததா? 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டக் குடியிருப்புகளைச் சபைகளின் சாதாரணப் பணிகளிலிருந்து ஒதுக்கிவைத்தது. இராகலையிலும் உடப்புசல்லாவையிலும் சபைக்கு வாக்களித்த மக்கள், தங்கள் லயத்துக்குப் போகும் பாதையைச் செப்பனிடத் தோட்ட நிர்வாகத்தின் வாசலில் நிற்க வேண்டியிருந்தது. 2018இல்தான் அப்பிரிவு திருத்தப்பட்டது.

நம் வீட்டுக் குற்றத்தையும் சொல்லாவிட்டால் இந்த எழுத்து நேர்மையாகாது. நமது தொழிற்சங்கங்களே கட்சிகளாயின. சந்தா கட்டியவனே வாக்காளன். சங்கத் தலைவரே வேட்பாளர். தலைமை வீட்டுச் சொத்தாக வழிவழி இறங்கியது. உட்கட்சித் தேர்தல் என்ற சொல்லையே நமது தோட்டங்கள் கேட்டதில்லை. கொழும்பிடம் ஜனநாயகம் கேட்டவர்கள் அதைத் தம் காரியாலயத்துக்குள் அனுமதிக்கவில்லை. ஆயினும் மக்கள் பொறுத்திருந்து பதில் சொன்னார்கள். 2024 நவம்பர் பொதுத் தேர்தலில் நுவரெலியா மாவட்டத்தின் முதலிடம் தேசிய மக்கள் சக்திக்குப் போனது. அந்தத் தெரிவு சரியா தவறா என்பது வேறு விவாதம். சங்கம் காட்டிய பக்கம் சாயும் மந்தை என்று இம்மக்களை இனி எவரும் சொல்ல முடியாது.

கலியாண வீட்டு நண்பருக்கு ஒரு வேண்டுகோள். மத்திய மாகாண சபைக்கு நாம் கடைசியாக வாக்களித்தது 2013இல். அதன் காலம் 2018இல் முடிந்தது. அதன் பின் மாறி மாறி வந்த அரசாங்கங்கள் தேர்தலைத் தள்ளிக்கொண்டே போயின. அவர்களுள் எழுத வாசிக்கத் தெரியாதவர் எத்தனை பேர் என்று எண்ணிச் சொல்லுங்கள்.

தோட்டத்துப் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. கொழும்புக் கடைகளிலும் ஹோட்டல்களிலும் வேலை செய்யும் உங்கள் பிள்ளைகளின் பெயர் வாக்காளர் இடாப்பில் இருக்கிறதா? கிராம அலுவலரிடம் இந்த வாரமே சென்று பாருங்கள். பாட்டன் பெயரை அரசு வெட்டியது. பேரன் பெயர் நமது கவனக்குறைவால் விடுபடக் கூடாது.