படம் பிரமாதம்... கதைதான் நகரலையா?

வேங்கிக்காலில் ஒரு வீடு. மாமாவுக்கு நாற்பத்தைந்து வயது, மருமகனுக்கு பதினேழு. இருவருக்கும் நடுவில் ஒரு தடிமனான புத்தகம். பெயர் 'என் பெயர் டைகர்'. சிவகாசியின் லயன்-முத்து காமிக்ஸ் 2016-இல் வெளியிட்ட முழு வண்ணத் தொகுப்பு.

"மாமா, இந்த ஆளு எப்பதான் கட்டிலை விட்டு எந்திரிப்பாரு?" என்கிறான் மருமகன்.

"டேய், நீ முதல்ல படத்தப் பாருடா" என்கிறார் மாமா.

காமிக்ஸ் படிக்கும் தமிழர்கள் இரண்டு பேர் எங்கே சந்தித்தாலும் இந்தப் புத்தகத்தைப் பற்றிய பேச்சு இப்படித்தான் போகும். "சித்திரம் சூப்பர், கதை சுமார்" என்பார் ஒருவர். "சித்திரத்துக்காகவே வாங்கலாம்" என்பார் இன்னொருவர். "டெக்ஸா இருந்தா இந்நேரம் பத்து பேரைச் சுட்டிருப்பாரு" என்று மூன்றாவது ஆள் வந்து சேர்ந்துவிட்டால் அன்றைய பொழுது போயே போச்சு!

இந்த மூன்று கருத்துகளில் எது சரி? வேலையற்ற கேள்வி போலத் தோன்றும். ஆனால் தமிழில் அடுத்து எந்த மாதிரி காமிக்ஸ் வரும், எது வராமலே போகும் என்பது இந்தக் கேள்வியில்தான் அடங்கியிருக்கிறது.

முதலில் கொஞ்சம் முன்கதை. தமிழில் கேப்டன் டைகர் என்று அறியப்படுபவர் பிரெஞ்சில் லெப்டினன்ட் ப்ளூபெர்ரி. 1963-இல் 'பிலோத்' என்ற பிரெஞ்சு வார இதழில் அறிமுகமானவர். கதை எழுதியவர் ழான்-மிஷேல் ஷார்லியே, வரைந்தவர் ழான் ஜிரோ. சப்பை மூக்கு, சவரம் செய்யாத முகம், சீட்டாட்டம், குடி, மேலதிகாரிகளோடு ஓயாத சண்டை என்று அதுவரை வந்த கௌபாய் ஹீரோக்களுக்கு நேர் எதிராக இருந்தார். தமிழில் 'தங்கக் கல்லறை'யும் 'மின்னும் மரணம்' வரிசையும் அவருக்கு ஒரு பக்தர் கூட்டத்தையே உண்டாக்கின. அன்று கறுப்பு வெள்ளையில் துண்டு துண்டாக வந்த 'மின்னும் மரணம்' 2015-இல் வண்ணத்தில் ஒரே தொகுப்பாக வந்தபோது, அதைக் கையில் வாங்கியவர்களுக்குப் பள்ளிக்கூட நாட்களே திரும்பி வந்த மாதிரி இருந்தது.

அந்தச் சூட்டோடு அடுத்த வருடமே வந்ததுதான் 'என் பெயர் டைகர்'. எதிர்பார்ப்பு எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. தங்கம், துரத்தல், சதி, தப்பித்தல் என்று எல்லாம் மறுபடியும் கிடைக்கும் என்று நினைத்துத்தான் திறந்தார்கள். ஆனால் உள்ளே இருந்தது வேறு.

கதை நடப்பது 1881-இல், அரிசோனாவின் டூம்ஸ்டோன் நகரில். டைகர் இப்போது ராணுவத்தில் இல்லை. வயதாகிவிட்டது. ஹோட்டலில் உட்கார்ந்து சீட்டாடுகிறார். ஒரு கட்டத்தில் முதுகில் சுடப்படுகிறார். அதோடு படுக்கைதான். கிழக்கிலிருந்து வந்த ஓர் எழுத்தாளரிடம், தான் இளைஞனாக இருந்தபோது ஜெரோனிமோவைச் சந்தித்த கதையைப் படுத்துக்கொண்டே சொல்கிறார். வெளியே ஊரில் வியாட் ஏர்ப் சகோதரர்களும் டாக் ஹாலிடேயும் கிளான்டன் கூட்டமும் 1881 அக்டோபர் 26-இல் நடந்த அந்தப் பிரபலமான ஓ.கே. கொரால் துப்பாக்கிச் சண்டையை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறார்கள். புத்தகத்தின் பெரும்பகுதி இப்படியே போகிறது. ஹீரோ கட்டிலில், கதை தெருவில்!

மருமகனின் கேள்வியில் நியாயம் இருக்கிறது என்பதை மாமா கூட மறுக்க முடியாது.

ஆனால் ஏன் இப்படி ஆனது என்றும் பார்க்க வேண்டும். ஷார்லியே 1989-இல் இறந்துவிட்டார். முடிச்சு மேல் முடிச்சு போட்டு வாசகனை ஓட ஓட விரட்டிய அந்தக் கை போய்விட்டது. அதன் பிறகு கதையும் படமும் ஜிரோ ஒருவரே என்று ஆனது. 1995 முதல் 2005 வரை ஐந்து ஆல்பங்களாக இந்த வரிசையைச் செய்தார். ஒரு எழுத்தாளனின் கதைக்கும் ஒரு ஓவியனின் கதைக்கும் உள்ள வித்தியாசம் இதில் பளிச்சென்று தெரியும். ஷார்லியே என்றால் அடுத்து என்ன நடக்கும் என்று யோசித்திருப்பார். ஜிரோவோ இந்த இடம் எப்படி இருந்திருக்கும், இந்த மனிதன் இப்போது எப்படி உட்காருவான் என்று யோசிக்கிறார். அதனால்தான் சலூனில் புகை, தெருவில் புழுதி, கூட்டத்தில் நிற்கும் ஒவ்வொரு முகத்துக்கும் தனி வயது, தனி களைப்பு என்று பக்கம் பக்கமாக வருகிறது.

இங்கேதான் "படம் சூப்பர், கதை சுமார்" என்ற வாக்கியம் கொஞ்சம் இடிக்கிறது. காமிக்ஸில் படம் வேறு, கதை வேறு என்று தட்டில் பிரித்து வைக்க முடியுமா? இட்லி வேறு சாம்பார் வேறு மாதிரி அது இல்லை. 'மின்னும் மரணம்' படித்தவனுக்கு அந்தத் திமிர் பிடித்த இளைஞன் நினைவிருப்பான். இங்கே அதே முகத்தில் சுருக்கம். பெரிய கோட், ஒழுங்கான தாடி, யாரோடும் வம்பு வேண்டாம் என்ற பார்வை. ஒரு வசனம் கூட இல்லாமல் கடந்துபோன வருடங்களை அந்த முகத்திலேயே சொல்லிவிடுகிறார். அதுவும் கதைதான். அதைப் படிக்காமல் பலூனில் இருப்பதை மட்டும் படித்துவிட்டு "ஒண்ணுமே நடக்கலை" என்றால், ஊரைச் சுற்றிப் பார்க்காமல் பஸ் ஸ்டாண்டில் இறங்கி டீ குடித்துவிட்டுத் திரும்பிய கதைதான்.

அதற்காக மாமா கட்சியும் முழுக்கச் சரி என்று சொல்லிவிட முடியாது. "படத்தப் பாருடா" என்பது விமர்சனம் இல்லை, வாயடைப்பு. இந்தப் புத்தகத்தில் உண்மையான குறைகள் உண்டு. பாத்திரங்கள் ஏகப்பட்ட பேர். ஏர்ப் சகோதரர்கள் யார், கிளான்டன்கள் யார் என்று அமெரிக்க வாசகனுக்குச் சின்ன வயதிலேயே தெரியும். திருவண்ணாமலையில் படிப்பவனுக்கு எப்படித் தெரியும்? ஐந்தாறு மீசைகள் ஒரே மாதிரி தொப்பி போட்டுக்கொண்டு வந்தால் குழம்பத்தான் செய்வான். பழைய கதை, நடப்புக் கதை என்று மாறி மாறித் தாவும்போது பிடி நழுவுகிறது. பிரெஞ்சு வசனத்தைத் தமிழில் கொண்டு வரும்போது வார்த்தைகள் நீளமாகிவிடுகின்றன, பலூன் மட்டும் அதே அளவு. எழுத்து சிறுத்துக் கண் வலிக்கும் இடங்களும் உண்டு. இவற்றைச் சொல்பவன் டைகருக்கு எதிரி இல்லை. பிரெஞ்சு வாசகர்கள் இதே ஐந்து ஆல்பங்களைப் படிக்கப் பத்து வருடம் காத்திருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால் போதும். தமிழ் வாசகனுக்கு ஒரே நாளில் மொத்தமும் கையில் கிடைத்திருக்கிறது. ஒரே மூச்சில் படித்தால்தான் அந்த மெதுவான ஓட்டம் கொஞ்சமாவது பிடிபடும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், கட்டிலில் கிடக்கும் ஹீரோவைப் பொறுக்காத அதே மருமகன் மொபைலில் விடாமல் பார்த்து முடித்தது 'வின்லாண்ட் சாகா'. மகோட்டோ யுகிமுராவின் மாங்கா. வைக்கிங்குகளின் கதை. 2005-இல் ஒரு வார இதழில் தொடங்கி, அந்த அளவு நுணுக்கமாக வாராவாரம் வரைந்து முடிக்க முடியாமல் அதே வருடமே 'ஆஃப்டர்நூன்' என்ற மாத இதழுக்கு மாறி, 2025-இல் முடிந்தது. தந்தையைக் கொன்றவனைப் பழிவாங்கத் துடிக்கும் தோர்ஃபின், பாதி வழியில் அடிமையாகி ஒரு பண்ணையில் நிலம் உழுகிறான். கத்தி இல்லை, கப்பல் இல்லை. காடு வெட்டி, வேர் பிடுங்கி, கோதுமை விதைக்கிறான். அந்தப் பகுதி வந்தபோது உலகம் முழுக்க வாசகர்கள் முணுமுணுத்தார்கள், "என்னப்பா இது விவசாயக் கதை ஆகிடுச்சு" என்று. 2023-இல் அது அனிமேவாக வந்தபோது அதே பகுதியைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியவர்கள் நிறைய. மருமகனும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். தோர்ஃபின் ஏர் பிடித்தால் ஆழம், டைகர் படுத்தால் மொக்கையா?

இன்னொரு சங்கதியும் உண்டு. மாங்கா ஒரு பக்கம், மாமாவின் டைகர் இன்னொரு பக்கம் என்று இரண்டுக்கும் நடுவே பெரிய சுவர் ஒன்றும் இல்லை. ஜிரோ 'மோபியஸ்' என்ற இன்னொரு பெயரில் வரைந்த விஞ்ஞானக் கற்பனைகள் ஜப்பானிய ஓவியர்களை வெகுவாகப் பாதித்தன. ஹயாவோ மியாசாகியும் அவரும் ஒருவரை ஒருவர் மதித்தவர்கள். இருவரின் ஓவியங்களும் சேர்ந்து 2004-இல் பாரிஸில் கண்காட்சியாகவே வைக்கப்பட்டன. மியாசாகியின் கதாநாயகி 'நௌசிகா'வின் பெயரைத்தான் ஜிரோ தன் மகளுக்கு வைத்தார். 2012 மார்ச்சில் ஜிரோ இறந்தபோது இழப்பு பிரான்ஸுக்கு மட்டும் இல்லை.

சரி, வாசகர் கருத்துக்கு வருவோம். ஜப்பானில் வாசகர் கருத்து என்பது டீக்கடைப் பேச்சு அல்ல. 1968-இல் தொடங்கிய 'ஷோனென் ஜம்ப்' இதழில் ஒரு தபால் அட்டை இருக்கும். இந்த வாரம் பிடித்த மூன்று தொடர்களை எழுதி அனுப்ப வேண்டும். தொடர்ந்து கீழே கிடக்கும் தொடர் சில மாதங்களிலேயே நிறுத்தப்படும். புதியவர், பழையவர் என்ற தயவு தாட்சண்யம் கிடையாது. இந்த முறையால்தான் அந்த இதழ் 1990-களின் நடுவில் 65 லட்சம் பிரதிகளைத் தாண்டியது என்பார்கள். மெதுவாகச் சூடு பிடிக்கும் எத்தனையோ நல்ல கதைகள் முளையிலேயே கருகியதும் இதே முறையால்தான்.

தமிழில் அட்டை இல்லை. ஆனால் விளைவு கிட்டத்தட்ட அதேதான், இன்னும் கடுமையாக. காரணம் எளிய கணக்கு. ஒரு வண்ண ஆல்பத்துக்கு உரிமத் தொகை, மொழிபெயர்ப்பு, அச்சுக்குத் தயார் செய்யும் செலவு எல்லாம் ஐந்நூறு பிரதி விற்றாலும் ஐயாயிரம் விற்றாலும் ஏறக்குறைய ஒன்றுதான். விற்பனை குறையக் குறைய ஒரு பிரதியின் தலையில் விழும் செலவு ஏறும். விலை ஏறும். விலை ஏறினால் வாங்குபவன் இன்னும் குறைவான். முன்பு பெட்டிக்கடையில் கிளிப் போட்டுத் தொங்கிய காமிக்ஸ் இன்று பெரும்பாலும் சந்தா கட்டியவர் வீட்டுக்குக் கூரியரில் வருகிறது. அதாவது வழியில் போகிற சிறுவன் தற்செயலாகப் பார்த்து வாங்கும் வாய்ப்பு குறைந்துவிட்டது. இருக்கிற கொஞ்சம் பேர் சொல்லும் சொல்லுக்குத்தான் எடை.

இப்படிப்பட்ட இடத்தில் "மொக்கை" என்ற ஒரு வார்த்தை ஒரு வரிசையையே மூடிவிடும். பதிப்பாளர் பாதுகாப்பான இடத்துக்குப் போவார். 1948-இல் இத்தாலியில் பிறந்த டெக்ஸ் வில்லர் இருக்கிறார். எப்போதும் ஜெயிப்பார், எப்போதும் விற்பார். டெக்ஸ் மேல் ஒரு குறையும் இல்லை. ஆனால் மெனுவில் டெக்ஸ் மட்டுமே மிஞ்சினால் பத்து வருடம் கழித்து அவருக்கும் புது வாசகன் கிடைக்க மாட்டான்.

அதே நேரம், பதிப்பகம் பிழைக்க வேண்டுமே என்று பிடிக்காததைப் பிடித்ததாகச் சொல்வதும் தவறு. நானூறு, ஐந்நூறு கொடுத்து வாங்கியவனுக்கு உண்மை பேச உரிமை உண்டு. எல்லாவற்றுக்கும் "அட்டகாசம்" போடும் கூட்டம் கடைசியில் யாருக்கும் உதவாது. எது நன்றாக இருக்கிறது என்றே பதிப்பாளருக்குத் தெரியாமல் போய்விடும்.

வேண்டியது காரணம். "பாத்திரங்கள் குழப்புகின்றன, முதல் பக்கத்தில் முகத்தோடு ஒரு அறிமுகப் பட்டியல் போடுங்கள்" என்று சொன்னால் அது அடுத்த பதிப்பில் நடக்கும். "எழுத்து சிறிதாக இருக்கிறது" என்றால் சரி செய்யலாம். "இதை முதலில் படிக்காதே, 'மின்னும் மரணம்' படித்துவிட்டு இதற்கு வா" என்று புது வாசகனுக்குச் சொன்னால் அவன் தப்பிப்பான், டைகரும் தப்பிப்பார். "சுமார்" என்று சொல்லிவிட்டுப் போனால் யாருக்கு என்ன லாபம்?

வேங்கிக்கால் வீட்டில் மாமா செய்த தவறும் அதுதான். மருமகன் கையில் வரிசையின் கடைசிப் புத்தகத்தை முதலில் கொடுத்துவிட்டார். கிழவனை முதலில் காட்டிவிட்டு "பார், எப்படி மாறிட்டார்" என்றால் அந்தப் பையனுக்கு என்ன புரியும்? அவன் பார்த்தது கட்டிலில் கிடக்கும் யாரோ ஒருவரை.

அலமாரியில் 'தங்கக் கல்லறை' இருக்கிறது. அதை எடுத்துக் கொடுத்துவிட்டு மாமா கொஞ்ச நாள் சும்மா இருந்தால் போதும். அதற்குப் பிறகும் அவன் "கதை நகரலை மாமா" என்று சொன்னால், அப்போது அது கேட்க வேண்டிய கருத்து.