கிரீஸ் நிப்பிளின் மேல் பெயிண்ட்

வாங்கிய பழைய டிராக்டர் வீட்டுக்கு வந்த மறுநாள் விடியற்காலையில், கிரீஸ் கன்னை எடுத்துக்கொண்டு முன் ஆக்ஸிலுக்கு அடியில் படுத்தேன். நிப்பிளைக் காணவில்லை. விரலால் தடவித் தடவித்தான் இடம் தெரிந்தது. நகத்தால் சுரண்டினேன். மேலே புதுப் பெயிண்ட், அதன் கீழே பழைய பெயிண்ட், அதற்கும் கீழே கல்லாய் இறுகிப்போன சேறு. நிப்பிளின் வாயில் இருக்கும் சின்னக் குண்டு அசையவே இல்லை. சென்டர் பின், இரண்டு பக்கத்துக் கிங் பின், டை ராடு முனைகள், கிளட்ச் பெடல், பிரேக் பெடல், லிஃப்ட் ஆர்ம் என்று தேடித் தேடிப் பதினான்கு நிப்பிள் எண்ணினேன். கிரீஸ் ஏறியது மூன்றில்தான். மற்ற பதினொன்றையும் பெயிண்ட்டோடு சேர்த்து மூடிவிட்டிருந்தார்கள்.

ஒரு டின் பெயிண்ட் வாங்க மனசு வந்தவருக்கு ஒரு கிலோ கிரீஸ் வாங்க ஏன் மனசு வரவில்லை? இரண்டு மாதமாக இந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை.

எங்களுக்குத் திருவண்ணாமலை மாவட்டத்தில் நாலு ஏக்கர் செம்மண். கிணறு இருக்கிறது, நம்பும்படி தண்ணீர் இல்லை. மல்லாட்டைதான் பிரதானம். மானாவாரிக்காரனுக்கு மழை பெய்வது பாதி வேலை. பெய்த ஈரம் இருக்கும்போதே உழுதுவிடுவது மீதி வேலை. செம்மண்ணில் அந்த ஈரம் இரண்டு நாள், மூன்று நாள். அதே மூன்று நாளில்தான் ஊரில் எல்லோருக்கும் உழவு வேண்டும். வாடகை வண்டிக்காரரைக் குறை சொல்ல முடியாது. பெரிய கழனியை முடித்துவிட்டுத்தான் சின்னக் கழனிக்கு வருவார். அவர் வரும்போது மண் வெயிலில் இறுகிப் போயிருக்கும். வருஷா வருஷம் இதே கதை என்பதால்தான் நகையை வங்கியில் வைத்து, 2003-ம் வருஷத்து வண்டி ஒன்றை, முப்பத்தைந்து குதிரைத்திறன், இரண்டேகால் லட்சத்துக்கு வாங்கினேன். புது வண்டி எங்கள் கைக்கு எட்டுகிற விலையில் இல்லை.

பார்க்கப் போன அன்றைக்கு வண்டி ஒரே சாவியில் ஸ்டார்ட் ஆனது. மச்சானும் நானும் முகம் மலர்ந்து திரும்பினோம். பிற்பாடு மெக்கானிக் அண்ணன் கேட்ட முதல் கேள்வி, “இஞ்சினைத் தொட்டுப் பாத்தியா தம்பி, சூடா இருந்துச்சா?” என்பது. தொட்டுப் பார்க்கவில்லை. நாங்கள் போவதற்கு முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் எந்த டீசல் வண்டியும் ஸ்டார்ட் ஆகும். டீசல் இஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. பிஸ்டன் காற்றை அமுக்குகிற அமுக்கில் பிறக்கும் வெப்பத்தில்தான் டீசல் பற்றிக்கொள்ள வேண்டும். ரிங் தேய்ந்திருந்தால் அமுக்கின காற்று பக்கவாட்டில் கசிந்துவிடும், வெப்பம் ஏறாது. அது குளிர்ந்த இஞ்சினில்தான் தெரியும். எங்கள் வீட்டு வாசலில், மார்கழிகூட இல்லை, வைகாசி மாதத்துக் காலையில், இருபது நிமிஷம் வெள்ளைப் புகையாகக் கக்கிவிட்டுப் பிறகுதான் பிடித்தது. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து காட்டினார் அண்ணன். உள்ளேயிருந்து குபுகுபுவென்று புகை.

ஏன் இப்படித் தேய்ந்தது என்பதற்கு விடை ஏர் கிளீனரில் இருந்தது. பழைய வண்டிகளில் ஆயில் கிண்ணம் வைத்த ஏர் கிளீனர். உள்ளே இழுக்கும் காற்று அந்த ஆயிலில் மோதிப் புழுதியை விட்டுவிட்டு மேலே போகும். எளிமையான ஏற்பாடு. கிண்ணத்தைக் கழற்றி, அடியில் படிந்த மண்ணை வழித்துக் கொட்டி, கோடு வரைக்கும் ஆயில் ஊற்றி மாட்டினால் முடிந்தது. புழுதி உழவு நாட்களில் தினமும் பார்க்க வேண்டியது. பத்து நிமிஷ வேலை. நான் கழற்றிய கிண்ணத்தில் ஆயில் என்று ஒரு சொட்டு இல்லை. தட்டினால் டொக்கென்று சத்தம் வருகிற அளவுக்குக் காய்ந்த மண் பாளமாக இருந்தது. இத்தனை வருஷப் புழுதியும் மேலே போயிருக்கிறது. செம்மண் புழுதியில் இருப்பது நுண்மணல். அது லைனருக்கும் பிஸ்டனுக்கும் நடுவில் போய்த் தேய்க்காமல் என்ன செய்யும்? லைனர், பிஸ்டன், ரிங், மூன்று சிலிண்டருக்கும் மாற்றியாக வேண்டும் என்று ஆயிற்று. ஒரு லிட்டர் ஆயிலில் நின்றிருக்க வேண்டிய சேதம்.

ரேடியேட்டரில் கிணற்றுத் தண்ணீர். எங்கள் பக்கத்து உப்புத் தண்ணீர் பானையிலேயே வெள்ளையாகப் படிகிறது, கொதிக்கிற இஞ்சினுக்குள் படியாதா? டீசல் டாங்கின் அடியில் தண்ணீரும் துருவும். ஃபில்டர் மாற்றி, பம்ப்பில் ஸ்க்ரூவைத் தளர்த்தி ஏர் எடுத்து, நாசிலைக் கழற்றி டவுனுக்கு எடுத்துப்போய் டெஸ்ட் பண்ணி மாட்டினோம். இதெல்லாம் பழைய வண்டி என்றால் வருகிற செலவு, அதற்காக நான் யாரையும் நோகவில்லை.

நோவது கியர் பாக்ஸுக்கு. அளவுக் குச்சியை உருவினால் ஆயில் மோர் போல வெளுத்திருந்தது. கியர் லீவர் அடியில் இருக்கும் ரப்பர் உறை கிழிந்து, மழைத் தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறது. அந்த உறையின் விலை மிகச் சொற்பம். கிழிசல் தெரியாமல் இருக்கத் துணியைச் சுற்றி, அதன் மேலும் கருப்புப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். எங்கள் வண்டியில் கியர் பாக்ஸுக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே ஆயில். ஆகவே லிஃப்ட் பம்ப்பும் அந்த மோரைத்தான் குடித்துக்கொண்டிருந்தது. ஒன்பது கொத்துக் கலப்பையைத் தூக்கி வைத்து இஞ்சினை நிறுத்தினோம். டீ குடித்துவிட்டு வருவதற்குள் கலப்பை தரையில் உட்கார்ந்துவிட்டது. கிளட்ச் பிளேட்டும் போயிருந்ததால் வண்டியையே நடுவில் இரண்டாகப் பிரிக்க வேண்டியதாயிற்று. வேப்பமரத்தடியில் முன்பாதி கட்டையின் மேல், பின்பாதி ஜாக்கியின் மேல். அந்தக் காட்சியைப் பார்த்த என் அம்மா அன்று சாப்பிடவில்லை.

டாப் லிங்க் விஷயம் சின்னதுபோல் தோன்றும். ஹாரி ஃபெர்குசன் என்ற அயர்லாந்துக்காரர் கொண்டுவந்த மூன்று புள்ளி இணைப்புதான் இன்றைக்குக் கிட்டத்தட்ட எல்லா டிராக்டரின் பின்னாலும் இருக்கிறது. கீழே இரண்டு கை, மேலே ஒரு டாப் லிங்க். மண் கலப்பையைப் பிடித்து இழுக்கும்போது டாப் லிங்க் முன்னோக்கி அமுக்கும். பழைய வண்டிகளில் அந்த அமுக்கை ஒரு ஸ்பிரிங் வாங்கிக்கொண்டு, மண் இறுகிய இடத்தில் கலப்பையைத் தானாகக் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும். டிராஃப்ட் லீவர் இருப்பது அதற்குத்தான். எங்கள் வண்டியில் டாப் லிங்க் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு முனையிலும் வளையம் வெல்டிங் வைத்த ஒரு குழாய் இருந்தது. நீளத்தைக் கூட்டவோ குறைக்கவோ வழியில்லை. ஸ்பிரிங் துருப்பிடித்து இறுகிவிட்டது. இத்தனை அருமையான ஏற்பாட்டை வெறும் இரும்புக் கட்டையாக்கி, அதற்கும் வண்ணம் பூசி விற்றிருக்கிறார்கள்.

பணத்தைக் கரைத்ததையாவது மன்னித்துவிடுவேன். உயிர் போகிற இரண்டு காரியத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை. ஒன்று ஸ்டார்ட்டர். கியரில் இருக்கும்போது ஸ்டார்ட் ஆகாமல் தடுக்கிற சுவிட்சைப் பிடுங்கிவிட்டு இரண்டு ஒயரை முறுக்கிவிட்டிருந்தார்கள். டூல் பாக்ஸில் முனை கருகிய ஸ்க்ரூ டிரைவர் ஒன்று கிடந்தது. அது எதற்கு என்று அண்ணன் சொன்னபோது எனக்கு உடம்பு சில்லிட்டது. சாவி வேலை செய்யாத நாளில் பின்சக்கரத்துக்கு முன்னால் கீழே நின்றுகொண்டு, செல்ஃப் மோட்டாரின் இரண்டு முனையையும் அதால் உரசி ஸ்டார்ட் பண்ணுவார்களாம். வண்டி கியரில் இருந்தால் நிற்கிற ஆளின் மேல் அப்படியே ஏறிவிடும். என் பையனுக்குப் பன்னிரண்டு வயது. வண்டியைச் சுற்றிச் சுற்றித்தான் வருவான்.

இன்னொன்று, இஞ்சின் சுழற்சியைப் பின்னால் மாட்டும் கருவிக்குக் கொண்டுபோகும் பி.டி.ஓ. ஷாஃப்ட்டின் மேல் இருக்க வேண்டிய மூடி. அதைக் கழற்றி எங்கேயோ போட்டுவிட்டார்கள். மாட்டுவதற்கு இருந்த போல்ட் ஓட்டைகளை மட்டும் பெயிண்ட் அடைத்திருந்தது. நிமிஷத்துக்கு 540 சுற்று என்றால் விநாடிக்கு ஒன்பது சுற்று. வேட்டி நுனியோ முந்தானையோ சிக்கினால் ‘ஐயோ’ என்று சொல்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும். கை போனவர்களை எங்கள் பக்கத்தில் கண்ணால் பார்த்திருக்கிறேன். இடைஞ்சலாக இருக்கிறது என்று கழற்றுகிறார்கள். கழற்றியவர் வைத்திருந்து கொடுத்திருந்தாலாவது மாட்டியிருப்பேன். இப்போது பட்டறையில் தகடு வளைத்துச் செய்து மாட்டியிருக்கிறேன்.

காகிதத்திலும் இதே பூச்சுதான். விவசாய டிராக்டர் போக்குவரத்து வாகனக் கணக்கில் வராது. முதல் பதிவு 15 ஆண்டு, அதன்பின் ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். 2018-ல் புதுப்பித்தவர்கள் 2023-ல் விட்டுவிட்டார்கள். ஆர்.சி.யில் இருப்பது முதல் உரிமையாளர் பெயர். எனக்கு விற்றவர் அவரிடம் வாங்கி ஆறு வருஷம் ஓட்டியும் பெயர் மாற்றவில்லை. கையெழுத்து மட்டும் போட்ட வெற்று 29, 30-ம் படிவங்களைத்தான் என்னிடம் நீட்டினார். அந்த முதல் உரிமையாளரைத் தேடிப் போனேன். வயதானவர், நல்ல மனிதர். வண்டி இன்னும் தன் பெயரில் இருப்பதே அவருக்குத் தெரியாது. ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்துக்கு இழப்பீடு அவர் மேல்தான் வரும் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது என்றதும் பெரியவர் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். அவர் கடனைக் கட்டி முடித்துப் பல வருஷம் ஆகியும், கடன் கொடுத்த இடத்தின் பெயர் ஆர்.சி.யிலிருந்து நீங்கவில்லை. அதை நீக்க 35-ம் படிவமும் தடையில்லாச் சான்றும் வேண்டும். அந்தக் கிளையை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். மூன்று முறை போய் வந்திருக்கிறேன். “பழைய ஃபைல் தேடணும், அடுத்த வாரம் வாங்க” என்கிறார்கள்.

நடுவில் மழை வந்தது. ஆனி கடைசியில், ராத்திரி முழுக்க, வரப்பு நிறைய. விடிந்ததும் கழனியில் போய்க் கையை விட்டுப் பார்த்தேன், ஒரு முழத்துக்கு ஈரம். இந்த மழைக்காகத்தான் வண்டி வாங்கினேன். வண்டி வேப்பமரத்தடியில் இரண்டு துண்டாகக் கிடக்கிறது. வாங்கி வந்த கிளட்ச் பேரிங் மாட்டின அன்றே சத்தம் போட்டது. பெட்டியில் ஒரிஜினல் என்று இருந்தது, சரக்கு வேறு. திருப்பிக் கொடுக்கப் போனால் பில் இல்லை என்றார் கடைக்காரர், பில் கேட்டபோது கொடுக்காதவரும் அவர்தான். இரண்டாம் நாளும் போனது, மூன்றாம் நாளும் போனது. பக்கத்துக் கழனிகளில் உழவுச் சத்தம் கேட்டபடி இருந்தது. ஐந்தாம் நாள் சாயங்காலம் வாடகை வண்டி வந்தது. மண் கட்டிகட்டியாகப் பெயர்ந்தது. அந்தக் கட்டிகளுக்கு நடுவில்தான் மல்லாட்டை போட்டிருக்கிறோம். முளைப்பு சந்து சந்தாக இருக்கிறது.

பழைய வண்டி தேயும், எனக்குத் தெரியும். விற்பவர் கஷ்டமும் தெரியும், இரண்டு போகம் பொய்த்தால் யாருக்கும் கிரீஸ் வாங்கக் காசு இருக்காது. காசில்லை என்றால் பூசாமல் அப்படியே விற்றிருக்கலாமே. கசிகிற இடம் கசிந்துகொண்டே இருந்தால் நான் கண்ணால் பார்த்து, விலையைக் குறைத்துக் கேட்டு, மிச்சத்தை வேலைக்கு வைத்திருப்பேன். கியர் பாக்ஸில் தண்ணீர் போயிருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வைகாசியிலேயே பிரித்திருப்போம், ஆனி மழைக்கு வண்டி தயாராக நின்றிருக்கும். வாங்குகிறவனும் அவரைப் போலவே ஒரு விவசாயிதான். அவருக்கு வராத மழையா எனக்கு வரப்போகிறது?

இப்போது வண்டி ஓடுகிறது. லைனர் செட் மாற்றியாயிற்று, லிஃப்ட் நிற்கிறது, காலையில் சாவியில் பிடிக்கிறது. ஆவர் மீட்டர் செத்துப் போனதால் ஓடின மணிக்கணக்கை நோட்டில் எழுதுகிறேன். ஆயில் மாற்றிய தேதியை டூல் பாக்ஸ் மூடியின் உள்பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். பதினொரு நிப்பிளும் புதிதாக மாட்டிவிட்டேன், பத்தில் கிரீஸ் ஏறிப் பழைய மண்ணைத் தள்ளிக்கொண்டு வெளியே வருகிறது. சென்டர் பின்னில் இருக்கும் கடைசி ஒன்று மட்டும் முரண்டு பிடிக்கிறது. நிப்பிளை மாற்றியும் ஏறவில்லை, உள்ளே இருக்கும் வழியே அடைந்துவிட்டது. பின்னைக் கழற்ற முன் ஆக்ஸிலை இறக்க வேண்டுமாம். அண்ணன் வெள்ளிக்கிழமை வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.