ஞாயிறு பரி, திங்கள் நரி

மதுரையில் எந்தச் சுவரைப் பார்த்தாலும் எழுப்புதல் கூட்டச் சுவரொட்டிதான். ‘தேவ வல்லமை உங்களை மாற்றும்.’ போய்க் கேட்டால் சாட்சி சொல்கிறார்கள். குடியை விட்டவர் சொல்கிறார். காய்ச்சல் தீர்ந்தவர் சொல்கிறார். பரீட்சையில் பாஸான பையன் சொல்கிறான். நல்லது. புருசன் குடியை விட்டால் ஒரு பொம்பளைக்கு அடி மிச்சம். அதைக் கேலி பேச நான் வரவில்லை. ஆனால் ஒரு சாட்சி மட்டும் இன்னும் என் காதில் விழவில்லை: “ஆண்டவர் என்னைத் தொட்டார், நான் சாதியை விட்டேன், சேரியில் சம்பந்தம் வைத்தேன்.” ஏன் தோழர்களே? கேன்சரைக் குணமாக்குகிற வல்லமைக்குச் சாதியிடம் மட்டும் பயமா?

எங்கள் ஊர் திருவாதவூர். மாணிக்கவாசகர் பிறந்த ஊர். குதிரை வாங்கப் பாண்டியன் கொடுத்த பணத்தை வாதவூரர் கோயிலுக்குச் செலவழித்துவிட, சிவன் நரிகளைப் பரிகளாக்கி மதுரைக்கு ஓட்டிவந்த கதை இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கதையின் பிற்பாதிதான் முக்கியம். ராத்திரி ஆனதும் பரிகள் திரும்ப நரிகளாகி, லாயத்தில் நின்ற பழைய குதிரைகளையும் கடித்துப்போட்டு ஓடிப்போயின. சைவ புராணம்தான், ஆனால் நம்ம திருச்சபைக்கு இதைவிடப் பொருத்தமான கதை வேறு இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரே பாத்திரத்தில் திருவிருந்து எடுக்கிறவர்கள் எல்லோரும் பரிகள். திங்கட்கிழமை பெண் பார்க்கப் போகும்போது, கமிட்டித் தேர்தலில் ஓட்டுப் போடும்போது, பிணம் புதைக்க இடம் கேட்கும்போது நரிகள்.

“இது ஆவிக்குரிய விஷயம், சாதியை இழுக்காதே” என்கிறார்கள். வேதத்தைத் திறந்து பாருங்கள். கலாத்தியர் நிருபம் இரண்டாம் அதிகாரம். அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். யாக்கோபிடமிருந்து ஆட்கள் வந்ததும் மெல்ல எழுந்து பந்தி விலகிவிட்டார். பவுல் விட்டாரா? தனியாகக் கூப்பிட்டு ஜெபம் பண்ணினாரா? இல்லை. எல்லோர் முன்னாலும் முகத்துக்கு நேரே கேட்டார். ஆதித் திருச்சபையின் பெரிய சண்டைகளில் ஒன்று சோற்றுச் சண்டை. யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்பதுதான் கேள்வி. அப்பேர்ப்பட்ட அப்போஸ்தலனே பந்தியில்தான் வழுக்கினார். அப்படியென்றால் மாறினானா, மாறவில்லையா என்று சோதிக்கும் இடம் பந்திதான், பரவசம் அல்ல.

இந்தச் சோதனை மதுரைக்குப் புதிதில்லை. 1606இல் இங்கு வந்த ராபர்ட் டி நொபிலி காவி கட்டி, பூணூல் போட்டு, மேல்சாதிக்கு ஏற்ற சாமியாராக வாழ்ந்தார். பிற்பாடு ஒடுக்கப்பட்ட சாதிகளுக்கு என்று தனியாகப் பண்டாரசாமிகள் வந்தார்கள். சுவிசேஷம் ஒன்று, அதைக் கொண்டுவருகிற சாமி இரண்டு! வருணாசிரமத்துக்கு இதைவிட மரியாதை வேறென்ன செய்ய முடியும்? இதே மதுரையில் 1847இல் அமெரிக்க மிஷன் எதிர்த்திசையில் போய்ப் பார்த்தது. சாதியை விட்டதற்கு அடையாளம் கேட்டது: தாழ்ந்த சாதி என்று நீ ஒதுக்குகிறவர் சமைத்ததைச் சாப்பிடு. அவ்வளவுதான். ஒரு வாய்ச் சோறு. அதற்கு மறுத்து உபதேசியார்கள் உட்படப் பலர் சபையிலிருந்து விலக்கி வைக்கப்பட்டார்கள். வெள்ளைக்காரத் துரைமார் விடுதலை கொண்டுவந்தார்கள் என்று நான் பாராட்டுப் பத்திரம் வாசிக்கவில்லை. அவர்கள் கேட்ட கேள்வி சரியான கேள்வி, அவ்வளவுதான். இன்று எந்தச் சபை அதைக் கேட்கிறது?

கேட்காததன் விளைவு மண்ணிலேயே நிற்கிறது. வடக்கன்குளத்தில் 1872இல் வெள்ளாளருக்கு ஒரு பக்கம், நாடாருக்கு ஒரு பக்கம் என்று காற்சட்டை மாதிரி இரண்டு கால் வைத்துக் கோயில் கட்டினார்கள். உள்ளே இருந்த தடுப்பு 1910இல் ஆயர் உத்தரவால் இடிக்கப்பட்டது. ஜெபத்தால் தானாக விழவில்லை, ஆள் வைத்து இடித்தார்கள். திருச்சி மேலப்புதூர் கல்லறையில் செத்த பிணத்துக்கு நடுவிலும் சுவர் எழுப்பினார்கள். உயிர்த்தெழும் நாளில் எந்தப் பக்கம் முதலில் எழுமாம்? எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் தனிப் பங்கு கேட்டார்கள். 2008 மார்ச் 9 அன்று அவர்கள் வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் வன்னியக் கிறிஸ்தவர் இருவர் செத்தார்கள். அடித்தவன் கழுத்திலும் சிலுவை, அடிபட்டவன் கழுத்திலும் சிலுவை.

இன்னொரு கூத்து. 1950 குடியரசுத் தலைவர் ஆணை இந்து அல்லாதவரைப் பட்டியல் சாதியிலிருந்து வெளியே தள்ளியது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் உள்ளே வந்தார்கள். கிறிஸ்தவருக்கும் இசுலாமியருக்கும் கதவு மூடியே கிடந்தது. 1985இல் சூசை வழக்கில் உச்ச நீதிமன்றம், மதம் மாறிய பிறகும் அதே கொடுமை தொடர்கிறது என்று நிரூபி என்றது. அந்த நீக்கத்தை ரத்து செய்யச் சொன்னது 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம். 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றமும் தீர்மானம் போட்டது. கோரிக்கை நியாயமானது, நாம் விடப்போவதில்லை. ஆனால் நம்ம ஆயர்களைப் பாருங்கள். டில்லிக்குப் போனால், “கிறிஸ்தவத்திலும் சாதி இருக்கிறது, சலுகை கொடுங்கள்.” பங்குக்குத் திரும்பியதும், “கிறிஸ்துவுக்குள் ஏதப்பா சாதி, சமாதானமாகப் போ.” சாதி எந்த ஸ்டேஷனில் இறங்கிப் போனது?

நான் வங்கிக் கவுன்ட்டரில் உட்கார்ந்திருக்கிறவன். பாஸ்புக்கில் ஒரு பேர், பின்னால் நிற்கிற சொந்தக்காரர் கூப்பிடுவது இன்னொரு பேர். சர்ட்டிபிகேட்டுக்கு ஒரு பேர், கோயிலுக்கு ஒரு பேர். அந்தச் சனங்களை ‘இரட்டை வேடம்’ என்று திட்டுகிற போதகர்களுக்குச் சொல்கிறேன்: வேடம் போட வைத்தது அரசாங்கம், அதற்கு ஆதாரம் சேர்த்துக் கொடுத்தது உங்கள் சபை. இன்னொன்றும் பார்க்கிறேன். ரூபாய் நோட்டு சேரிக் கையிலிருந்து ஊர்க் கைக்கு மாறும்போது யாருக்கும் தீட்டுப் படுவதில்லை. காந்தி நோட்டுக்கு இருக்கிற வல்லமை கர்த்தரின் அப்பத்துக்கு இல்லாமல் போனதா?

“அந்தக் கடவுளையே தூக்கிப்போட்டுட்டு வாங்கப்பா” என்கிற தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. 1956இல் அம்பேத்கர் வெளியேறியபோது வெற்றிடத்துக்குப் போகவில்லை. ஒரு தம்மத்துக்குள் போனார். மனுசன் தன்னைவிடப் பெரிய ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து நிற்கிறான் என்று அவருக்குத் தெரியும். எங்க சனங்களுக்கு அது சிலுவையில் அடிபட்டுச் செத்தவன். அடிபட்டவனை அடித்தவனிடம் கொடுத்துவிட்டு நாம் ஏன் வெளியேற வேண்டும்?

மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பாடம் சொன்ன தியோபிலஸ் அப்பாவு, நம்ம ‘பரட்டை’, 2005இல் போய்ச் சேர்ந்தார். அவர் இறையியல் முழுக்க ஒரே உலையில் அடங்கும். தனித்தனி அடுப்பு வேண்டாம், ஊரே ஒரே உலையில் பொங்கி ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடு, அங்கேதான் கடவுள் இருக்கிறார் என்றார். தீட்டு என்று வெளியே நிறுத்திய பறையை வழிபாட்டுக்குள் கூட்டிவந்தார். மாற்றும் வல்லமை என்று நான் நம்புவது இதைத்தான். அது மேலேயிருந்து நெருப்பாக இறங்குவதில்லை. கோட்டைத் தாண்டிக் கால் வைக்கும்போது காலுக்குள் வருகிறது.

இந்தக் கோடு நமக்குள்ளும் கிடக்கிறது. பறையர் சபை, பள்ளர் சபை என்று பிரிந்துகொண்டு, அருந்ததியர் வீட்டுத் தண்ணீருக்குத் தயங்குகிறவன் மேல்சாதியைப் பார்த்து எந்த வாயால் பவுலைப் பேசுவான்?

ஆகவே அடுத்த எழுப்புதல் கூட்டத்துக்குப் போங்கள் மாணவத் தோழர்களே, போகாமல் இருக்காதீர்கள். சாட்சி சொல்ல மைக் கொடுப்பார்கள். வாங்கி மூன்றே மூன்று கேள்வி கேளுங்கள்: கல்லறையில் சுவர் உண்டா? கமிட்டியில் சேரி உண்டா? அருந்ததியர் வீட்டு உலையில் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு அப்புறம் திருவிருந்து கொடுப்பீர்களா, ஐயரே?

மைக்கைப் பிடுங்குவார்கள். பிடுங்கட்டும். பறை இருக்கிறது.