டவர் கூப்பிட்டால் போதுமா?



புதுக்கோட்டை மாவட்டத்தில், பாறையைக் குடைந்து உருவாக்கிய கோயில் உள்ள ஊர் குன்றாண்டார்கோவில். இந்தப் பக்கம் ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் நடுவே வயலும் கண்மாயும் பொட்டலும்தான். இப்படிப்பட்ட கிராமங்களுக்காக நம் விஞ்ஞானிகள் உலக அரங்கில் வாதாடி ஜெயித்த கதை தெரியுமா?

5ஜி தொழில்நுட்பத்துக்கு விதி வகுப்பது, ஜெனீவாவில் உள்ள சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம். கிராமத்துக்கான சோதனையில் இரண்டு டவர்களுக்கு இடையே 1732 மீட்டர் தூரம் என்றும், மக்களில் பாதிப் பேர் 120 கிலோமீட்டர் வேகத்தில் காரில் போவார்கள் என்றும் வைத்துக் கணக்குப் போட்டார்கள். சிரிப்பு வருகிறதா? நம் ஊரில் நடந்தும் சைக்கிளிலும் போகிறவர்கள்தானே அதிகம்!

"எங்கள் கிராமங்களுக்கு 6 கிலோமீட்டர் இடைவெளி வைத்தும் சோதியுங்கள்" என்று இந்தியா கேட்டது. 2017-இல் அது விதியில் சேர்ந்தது.

ஏன் 6 கிலோமீட்டர்? தூரம் சுமார் மூன்றரை மடங்கு கூடினால், பரப்பளவு 12 மடங்கு கூடும். 12 டவர் வைக்கும் பரப்பில் ஒரே டவர் போதும். செலவு குறைந்தால்தானே சிறிய ஊருக்கும் கம்பெனிகள் வரும்?

ஆனால் ஒரு சிக்கல். வரப்பில் நின்று அப்பா உரக்கக் கூப்பிட்டால், தூரத்தில் இருக்கும் உங்களுக்குக் கேட்கும். நீங்கள் மெல்லிய குரலில் பதில் சொன்னால் அவருக்குக் கேட்குமா? செல்போன் கதையும் இதுதான். டவருக்குப் பலத்த குரல். செல்போனின் சக்தியோ பெரும்பாலும் கால் வாட்டுக்கும் குறைவு!

ஐ.ஐ.டி. சென்னை, ஐ.ஐ.டி. ஹைதராபாத் போன்ற நிறுவனங்களின் ஆய்வாளர்கள் இதற்கு வழி கண்டார்கள். குண்டும் குழியுமான சாலையில் பஸ் மெதுவாகத்தானே போகும்? அதுபோல, அலையில் மேடு பள்ளம் அதிகமானால் செல்போன் முழு பலத்தோடு பேச முடியாது. மேடு பள்ளத்தைச் சமன் செய்தால், அதே செல்போனின் குரல் இன்னும் தூரம் போகும். இந்த உத்தி அடங்கிய 'ஃபைவ் ஜி ஐ' என்ற இந்தியத் தொழில்நுட்பத்தை 2020 நவம்பரில் ஒன்றியம் ஏற்றது.

இந்தியாவுக்கென்று தனி 5ஜி என்றால் அதற்குத் தனிக் கருவிகள் வேண்டும், விலை கூடும். அதனால் பின்னர் அது உலகப் பொதுத் தரத்திலேயே சேர்க்கப்பட்டது. 2022 மே மாதம், ஐ.ஐ.டி. சென்னை தலைமையில் 8 நிறுவனங்கள் சுமார் 220 கோடி ரூபாயில் உருவாக்கிய 5ஜி சோதனைக்கூடமும் தொடங்கப்பட்டது. நம் நாட்டுக் கருவிகளை இங்கேயே சோதிக்கலாம்.

எல்லாம் முடிந்துவிட்டதா? இல்லை. விதியில் எழுதியது செல்போனிலும் டவரிலும் வர வேண்டும். அதைக் கம்பெனிகள் செய்ய வேண்டும். அரசும் வற்புறுத்த வேண்டும். 2020-இல் கொரோனாவால் பள்ளிகள் மூடியபோது, பாடம் கேட்க சிக்னல் தேடி மொட்டை மாடிக்கும் மேட்டுக்கும் ஏறிய பிள்ளைகளுக்கு இதன் அருமை புரியும்.

இப்போது 6ஜிக்கு விதி எழுதும் வேலை நடக்கிறது. விதி எழுதும் இடத்தில் நம் ஊர் நிலைமையைச் சொல்ல ஆள் வேண்டும் அல்லவா? அந்த ஆள் நீங்களாகவும் இருக்கலாம்!

வீட்டுக் கணக்கு: உங்கள் வீட்டிலிருந்து அருகிலுள்ள டவர் எவ்வளவு தூரம்? அளந்து பாருங்கள்.